பியூரெட்டை எடுங்கள், பிறகு ஹெட்டை மூடுங்கள்!



பரீட்சையில் நமக்கெல்லாம் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. "ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றின் போர் இவ்வளவு, ஸ்ட்ரோக் இவ்வளவு, கிளியரன்ஸ் வால்யூம் இவ்வளவு எனக் கொள்க. கம்ப்ரஷன் ரேஷியோவைக் காண்க." ஸ்வெப்ட் வால்யூமைக் கண்டுபிடி, அதோடு கிளியரன்ஸ் வால்யூமைக் கூட்டு, வந்ததை அதே கிளியரன்ஸ் வால்யூமால் வகு. மூணே வரி. வகுப்புக்கே வராதவன்கூட இதில் மார்க் வாங்கிவிடுவான்.

எனக்கு அந்த "எனக் கொள்க" மேல்தான் கோபம். ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்ட எஞ்சின் முன்னால் நிற்கும்போது எவ்வளவு எனக் கொள்வது? ஹெட்டைச் சீவியாச்சு. கேஸ்கட் வேறு கம்பெனி. பிஸ்டன் வேறு கம்பெனி. கேட்லாக்கில் அச்சடித்த ரேஷியோ அந்த எஞ்சினுக்கு இன்னும் பொருந்துமா? பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு ஹெட்டை மூடுகிறவர்கள்தான் அதிகம். டர்போ வண்டியில் அப்படி மூடக்கூடாது, அளந்துவிட்டுத்தான் மூட வேண்டும், அதை நம் லேபிலேயே ஒருதரமாவது செய்து பழக வேண்டும் என்பது என் கட்சி.

அதென்ன டர்போவுக்கு மட்டும் தனிச் சட்டம் என்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்ப் பக்கத்து நிலவரம். மறைமலை நகர் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்த ஃபோர்டு ஆலையில் 2013 முதல் ஈக்கோஸ்போர்ட் வண்டி வந்தது. அதில் ஒரு வகைக்கு 1 லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல் எஞ்சின். மூணே சிலிண்டர். 2012, 2013, 2014 என்று வரிசையாக மூன்று வருஷம் உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதை வாங்கியது அந்தக் குடும்பம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது; 2022இல் மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டியும் போய்விட்டது. ஆனால் விற்ற வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கும்! ஈ.சி.ஆரில் கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், ஆலம்பரைக் கோட்டை பார்க்க வருகிற கூட்டத்தில் எத்தனை டர்போ வண்டி திரும்புகிறது என்று எண்ணலாம். டீசல் கார் என்றால் அநேகமாக எல்லாமே டர்போதான். கேரண்டி முடிந்து, வயசான இந்த வண்டிகளெல்லாம் இனி வரப்போவது ரோட்டோர ஒர்க்‌ஷாப்புக்கு. அதாவது நம்மிடம்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த 1 லிட்டர் எஞ்சினுக்கு போர் 71.9 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. ஒரு சிலிண்டரின் ஸ்வெப்ட் வால்யூம் 332.9 சி.சி. நிறுவனம் கொடுத்த ரேஷியோ 10க்கு 1. அப்படியானால் கிளியரன்ஸ் வால்யூம், 332.9ஐ 9ஆல் வகுத்தால் 37 சி.சி. ஒரு மருந்து பாட்டில் மூடியில் ரெண்டு மூணு தரம் ஊற்றினால் நிறைந்துவிடும் அளவு. எஞ்சினின் குணம் முழுக்க அந்தச் சின்ன இடத்தில்தான் இருக்கிறது.

பிஸ்டனின் பரப்பு 40.6 சதுர செ.மீ. ஆகவே 0.1 மி.மீ. உயரம் என்பது 0.4 சி.சி.க்குச் சமம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஹெட்டில் அரை மில்லி சீவினால் 2 சி.சி. போச்சு. 37 போய் 35 ஆனால் ரேஷியோ 10.5. எரி அறையின் விளிம்பு போரை விடக் கொஞ்சம் உள்ளடங்கி இருந்தால் இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் ஏறும். அதனால்தான் கணக்கை மட்டும் நம்பாமல் அளக்கச் சொல்கிறேன்.

"அரை பாயின்ட் தானேடா, என்ன ஆயிடப் போவுது?" என்று என் அறை நண்பனே கேட்டான். நியாயமான கேள்வி. டர்போ இல்லாத எஞ்சினில் பெரிதாக ஒன்றும் ஆகாது, இழுவை கொஞ்சம் கூடினாலும் கூடும். காற்று உள்ளே வரும்போது 1 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷியோ 10 என்றால் அமுக்கம் முடிகிற இடத்தில் ஏறத்தாழ 20 பார் (10ஐ 1.3 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள்). ரேஷியோ 10.7 ஆனால் 21.8. வித்தியாசம் 2 பாருக்குள். இப்போது டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்கிறது. உள்ளே வரும்போதே 2 பார். முடிவில் 40 இருக்க வேண்டிய இடத்தில் 43.6. ஒரே தப்பு, ஆனால் விளைவு இரட்டிப்பு. அதோடு டர்போ தள்ளுகிற காற்று ஏற்கெனவே சூடு. இன்டர்கூலர் இருந்தும், மே மாச மத்தியான வெயிலில் நாலு பேரை ஏற்றி ஏ.சி. போட்டு மேம்பாலம் ஏறும்போது சூடு என்ன ஆகும்? பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. அதுதான் நாக்கிங்.

இக்கால எஞ்சினில் நாக் சென்சார் உண்டு. அது சத்தத்தைக் கேட்டவுடன் இ.சி.யூ. ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால் உங்கள் காதுக்கு ஒன்றும் கேட்காது. "வண்டி இழுக்கல சார், மைலேஜும் இல்ல" என்று மட்டும் ஓனர் சொல்வார். இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம்.

நான் கண்ணால் பார்த்ததையே எழுதுகிறேன். லீவில் ஈ.சி.ஆர். ஓரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் ட்ரெய்னிங்குக்குப் போயிருந்தேன். இதே ரக எஞ்சின். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து சூடு முள் சிவப்பைத் தொட்டும் ஓனர் பாண்டிச்சேரி வரை ஓட்டியே தீர்ந்திருக்கிறார். ஹெட் வளைந்துவிட்டது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பினோம், சீவி வந்தது, புது கேஸ்கட் போட்டு மூடினோம். எவ்வளவு சீவினார்கள் என்று லேத்தில் எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது. இழுவை இல்லை. பிளக் மாற்றினோம். காயில் மாற்றினோம். கடைசியில் பழி டர்போ மேல் விழுந்தது. ஓனர் கடன் வாங்கி டர்போவும் மாற்றினார். அப்பவும் அதே கதை.

திரும்ப ஹெட்டைக் கழற்றிய அன்று, "அண்ணே, அளந்து பாத்துடலாமா?" என்று கேட்டேன். மேஸ்திரி அண்ணன் சிரித்தார். "தம்பி, காலேஜ் வேலையெல்லாம் இங்க எதுக்கு? சரி, சாப்பாட்டு நேரத்துல பண்ணிக்கோ" என்றார். பண்ணினேன். எல்லாம் சேர்த்து கிளியரன்ஸ் வால்யூம் முதல் சிலிண்டருக்கு 35.6, இரண்டாவதுக்கு 34.9, மூன்றாவதுக்கு 34.2 சி.சி. வந்தது. ரேஷியோ போட்டால் 10.35, 10.54, 10.73. அதிகமாகச் சீவியது ஒரு தப்பு. ஹெட்டை மெஷினில் சாய்வாகக் கட்டிச் சீவியது இன்னொரு தப்பு. மூன்று சிலிண்டரும் மூன்று எஞ்சின் மாதிரி வேலை செய்திருக்கிறது. மூன்றாவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் விளிம்பில் விரிசல் விழுந்திருந்தது. அந்த ரேஷியோ ஒன்றேதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், சூட்டில் ஓட்டியதிலும் பிஸ்டன் அடிபட்டிருக்கலாம். ஆனால் டர்போ காரணமில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். சென்னை புதுப்பேட்டையில் நல்ல ஹெட் ஒன்று கிடைத்தது. அதையும் அளந்துவிட்டுத்தான் போட்டோம். இந்தத் தடவை அளக்கச் சொன்னது மேஸ்திரி அண்ணன்.

எப்படி அளப்பது? இதில் ராக்கெட் வித்தை ஒன்றுமில்லை.

கிளியரன்ஸ் வால்யூம் நாலு துண்டாக இருக்கிறது. ஹெட்டில் உள்ள எரி அறை, கேஸ்கட் கனத்தில் உள்ள இடம், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக் மேல்தளத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, பிஸ்டன் தலையில் உள்ள குழிவு. நாலையும் தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டும். பிஸ்டன் தலை மேடாக இருந்தால் அதைக் கழிக்க வேண்டும். அதேபோல் பிஸ்டன் தளத்துக்கு மேலே எட்டிப் பார்த்தாலும் கழிக்க வேண்டும்.

ஹெட்டுக்கு: வால்வும் ஸ்பிரிங்கும் போட்டு, ஸ்பார்க் பிளக்கையும் மாட்டுங்கள், நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியானால் இன்ஜெக்டர் துளையையும் அதே இன்ஜெக்டரால் அடையுங்கள். ஹெட்டைக் கவிழ்த்து, எரி அறையின் விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி, நடுவில் துளை போட்ட அக்ரிலிக் பலகையை அழுத்தி ஒட்டுங்கள். ஒரு பக்கம் துளி சாய்த்து வைத்தால் காற்றுக் குமிழி துளை வழியாக வெளியேறிவிடும். பியூரெட்டில் டீசலையோ மண்ணெண்ணெயையோ நிரப்பி, அறை நிறையும்வரை விடுங்கள். எவ்வளவு இறங்கியதோ அதுதான் அளவு. வால்வு வழியாகக் கசிந்தால் அளவு மட்டும் தப்பில்லை, வால்வு லேப்பிங்கும் சரியில்லை என்று அர்த்தம். ஒரே வேலையில் ரெண்டு சோதனை!

கேஸ்கட்டுக்கு: பழைய கேஸ்கட், அமுங்கிய நிலையில் எவ்வளவு கனம் என்று மைக்ரோமீட்டரில் பாருங்கள். புது கேஸ்கட்டை அமுக்காமல் அளந்து எழுதாதீர்கள். கேஸ்கட்டின் ஓட்டை போரை விடச் சற்று பெரிதாக இருக்கும், அதன் விட்டத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இடைவெளிக்கு: பிஸ்டனை டி.டி.சி.க்குக் கொண்டுவந்து டயல் கேஜில் பாருங்கள். பிஸ்டன் பின் இருக்கிற கோட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஆடி ஏமாற்றும்.

குழிவுக்கு: பிஸ்டனை மேல்தளத்திலிருந்து சரியாக 5 மி.மீ. கீழே இறக்குங்கள். ஓரத்தில் கிரீஸ் தடவி, பலகை வைத்து பியூரெட்டில் நிரப்புங்கள். வெறும் 5 மி.மீ. சிலிண்டர் என்றால் 20.3 சி.சி. பிடிக்கும். 25.3 பிடித்தால் குழிவு 5 சி.சி.

கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம் (இவை நிறுவனத்தின் எண்கள் அல்ல, நானாக வைத்தது). ஹெட் 28.7, கேஸ்கட் 73 மி.மீ. விட்டத்தில் 0.7 மி.மீ. கனம் என்றால் 2.9, பிஸ்டன் 0.1 மி.மீ. கீழே நின்றால் 0.4, குழிவு 5. கூட்டினால் 37. இப்போது கடைக்காரர் "இதுவும் அதே சைஸ்தான் சார்" என்று குழிவில்லாத தட்டைப் பிஸ்டன் ஒன்றைக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். 37 போய் 32 ஆகிவிட்டது. ரேஷியோ 11.4! விட்டம் சரி, பின் சரி, ரிங் சரி, எல்லாம் சரியாக உட்காரும். மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. முதல் வாரத்தில் எஞ்சினே சொல்லும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தாலே போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். கேஜில் 180 பி.எஸ்.ஐ. காட்டியது, அதை 14.7ஆல் வகுத்தால் 12, ஆகவே ரேஷியோ 12 என்று ஒருவர் எனக்குப் பாடமே நடத்தினார். கேஜ் காட்டுவது அழுத்தம், ரேஷியோ என்பது கொள்ளளவு. அமுக்கும்போது காற்று சூடேறி அழுத்தம் கூடும். இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால் குறையும். ரிங் கசிவால் இன்னும் குறையும். பேட்டரி டல்லாக இருந்தால் அதுவும் குறைக்கும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் ஒப்பிட கேஜ் நல்ல சாமான். ரேஷியோ கண்டுபிடிக்க அது உதவாது.

அதேபோல் ரேஷியோவை பூஸ்டால் பெருக்கி "உண்மையான ரேஷியோ 20" என்று சொல்லும் பழக்கமும் உண்டு. ஒரு வண்டியை இன்னொன்றோடு உத்தேசமாக ஒப்பிட வேண்டுமானால் சரி. ஆனால் இன்டர்கூலரின் குளிர்ச்சி, ஸ்பார்க் நேரம், பெட்ரோல் அறைக்குள்ளேயே தெளிக்கப்பட்டு ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சி இவை ஒன்றும் அந்தப் பெருக்கலில் இல்லை. 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு ரேஷியோ வெறும் 6.5. இன்றைய சின்ன டர்போக்கள் 10ஐத் தாங்குவது இந்தக் குளிர்ச்சியாலும் நாக் சென்சாராலும்தான். அதற்கும் முன்னே 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் டர்போ வைத்துக்கொண்டு 10.25 ரேஷியோவில் வந்தது. நாக்கிங்கை அடக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்க்கில் வைத்து உள்ளே தெளித்தார்கள். ஓனர்கள் அந்த டேங்க்கை நிரப்ப மறந்தார்கள். காலியானால் பூஸ்டைக் குறைத்துக் காப்பாற்ற ஏற்பாடு இருந்தும், தொல்லை தாங்காமல் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். அந்த உயர்ந்த ரேஷியோவுக்கு அவ்வளவு கவனிப்பு தேவைப்பட்டது.

சரி, ஏறிப்போன ரேஷியோவை இறக்க என்ன செய்வது? நம் பக்கத்து வித்தை, ரெண்டு கேஸ்கட் ஒன்றின்மேல் ஒன்று வைப்பது. தயவுசெய்து வேண்டாம்! பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே குறுகலாக இருக்க வேண்டிய இடைவெளி அகன்றுபோய், கலவையைக் கலக்கிவிடும் வேகம் குறைகிறது. ரேஷியோ இறங்கியும் நாக்கிங் போகாமல் நிற்கலாம். தண்ணீர் வழியும் ஆயில் வழியும் கசிவது தனிக் கதை. அந்த எஞ்சினுக்கென்றே கனம் கூடிய கேஸ்கட் கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல ஹெட்டைத் தேடுங்கள். பல கம்பெனிக் கையேடுகள் ஹெட்டைச் சீவவே கூடாது என்கின்றன. படித்துவிட்டு லேத்துக்குப் போங்கள்.

டீசல் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்விஃப்டிலும் டிசையரிலும் 2020 வரை வந்த 1.3 லிட்டர் டி.டி.ஐ.எஸ். எஞ்சின் டாக்ஸி ஸ்டாண்டில் இன்னும் நிறைய உண்டு. போர் 69.6, ஸ்ட்ரோக் 82, முதலில் வந்தவற்றில் ரேஷியோ 17.6. சிலிண்டருக்கு 312 சி.சி., கிளியரன்ஸ் வால்யூம் வெறும் 18.8 சி.சி. இங்கே 0.1 மி.மீ. மாறினாலே ரேஷியோ மூன்றில் ஒரு பாயின்ட் நகர்ந்துவிடும். குறைந்தால் காலையில் வெள்ளைப் புகையும் ஸ்டார்ட்டிங் தொல்லையும், கூடினால் பிஸ்டன் வால்வைத் தொடும் அபாயமும். அதனால்தான் பல டீசல் எஞ்சின்களுக்குக் கேஸ்கட்டே ரெண்டு மூணு கனத்தில் வருகிறது. ஓரத்தில் உள்ள துளையையோ வெட்டையோ எண்ணிப் பார்த்து, பிஸ்டன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஏற்றதைப் போட வேண்டும். கடையில் "கேஸ்கட் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவது போதாது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதையும் சீவவில்லை, பிஸ்டன் மாற்றவில்லை, கேஸ்கட் அசல் என்றால் ரேஷியோவை அளப்பது வீண் வேலை. கார்பனைச் சுரண்டிவிட்டு மூடுங்கள், போதும். அரை நாள் கூலியை எந்த ஓனர் கொடுப்பார் என்று மேஸ்திரி அண்ணன் கேட்டதும் உண்மைதான். ஆனால் ஹெட், பிளாக் மேல்தளம், பிஸ்டன், கேஸ்கட், கனெக்டிங் ராடு இந்த அஞ்சில் ஒன்று மாறினாலும் அளக்காமல் மூடுவது சரியில்லை. அந்த ஓனர் காரணமே இல்லாமல் மாற்றிய டர்போவின் விலையில் எத்தனை அரை நாள் கூலி கொடுத்திருக்கலாம்?

நமக்கு லேபில் இதற்குப் புதுசாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் மெட்ராலஜி லேபில் இருக்கிறது. கட் செக்‌ஷன் வைத்திருக்கும் அறை மூலையில் பழைய ஹெட் ரெண்டு தூசி பிடித்துக் கிடக்கிறது. அக்ரிலிக் துண்டு போர்டு எழுதுகிற கடையில் சும்மாவே தருவார்கள். பியூரெட்? முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் பண்ணி, நிறம் மாறுமா மாறாதா என்று கண் வலிக்கப் பார்த்தோமே, அதே 50 மில்லி பியூரெட்தான். யூனியன் சார்பில் துறைத்தலைவர் சாரிடம் கேட்டுவைப்போம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். நாலு பேர் கொண்ட குழுவாக ஒரே ஹெட்டை அளந்து, யாருக்கு எத்தனை சி.சி. வந்தது என்று போர்டில் எழுதிப் பார்க்கலாம். ஒரு சி.சி. வித்தியாசத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டால் நான் டீ வாங்கித் தருகிறேன். ஒன்றே ஒன்று, பியூரெட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். டீசல் வாசனை வந்தால் கெமிஸ்ட்ரி லேப் அண்ணன் அடுத்த தடவை தரமாட்டார்.